பிடித்துத் தைத்த இடுப்பு

என் வீட்டுக்காரருக்குக் கடையில் வைத்திருக்கும் பெயர் நாடா. கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். ஆளும் அதே அகலம்தான். பெரிய துணிக்கடையின் மேல்மாடியில் பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது எல்லாம் அவர் வேலை. அப்பேர்ப்பட்ட மனிதருக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று கடையில் நடந்த இலவசப் பரிசோதனையில் சொன்னார்கள். வியாதி இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது, இனிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கடையே சிரித்ததாம். ஊதினால் பறக்கிற உடம்பில் சர்க்கரை எங்கே ஒளிந்திருந்தது என்று காசாளர் கேட்டாராம்.

எனக்கும் சிரிப்புதான் வந்தது. அவர் சிரிக்கவில்லை. என் மாமனாரும் ஒல்லி, அவருக்கும் சர்க்கரை. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்விட்டார். சுவரில் படமாகத்தான் பார்த்திருக்கிறேன். கன்னம் ஒட்டி, சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நிற்கும்.

இவர் முதலில் இனிப்பை விட்டார். சரி. பிறகு சோற்றை விட்டார், ரொட்டியை விட்டார், பழத்தை விட்டார், கடைசியில் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டார். கெஞ்சினேன், கத்தினேன், தட்டை நங்கென்று வைத்தும் பார்த்தேன். மனுஷர் நாலு வெள்ளரித் துண்டை மென்றுகொண்டு பிடித்த பிடியில் நின்றார். கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. அந்தப் படத்துக்குக் கீழேதான் கண்ணாடி. அதில் பார்த்து அவர் தலை சீவும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பயம், வேறென்ன.

இதற்கு நடுவில் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் உள்ளறையில் தையல் மிஷின் ஓடும். ஓட ஆரம்பித்ததும் என் மாமியார் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். கழுவ ஒரு பாத்திரம்கூட இருக்காது. தண்ணீர் பாட்டுக்கு ஓடும். மிஷின் நின்ற பிறகுதான் மூடுவார். வயசானவர், ஏதோ பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் துவைப்பதற்காக அவர் பேன்ட்டை உள்பக்கம் புரட்டினேன். பின்னிடுப்பில் ஒரு தையல், அதை ஒட்டி இன்னொன்று, அதை ஒட்டி இன்னொன்று. இடுப்பு லூசாக லூசாக எனக்குத் தெரியாமல் பிடித்துத் தைத்திருக்கிறார். பேன்ட்டோடு மாமியாரிடம் போய் நின்றேன். அவர் அதைத் தொடவில்லை.

"உன் மாமனாருக்கும் இவன்தான் பிடிச்சுக் கொடுத்தான். வேலை கத்துக்கிட்ட புதுசு. லூசாகும், தைப்பான். மறுபடி லூசாகும். சாப்பிட்டா சர்க்கரை ஏறிடும்னு பயந்து பயந்து அவர் ஒண்ணுமே சாப்பிடல. கட்டுப்பாடா இருக்காருன்னு எல்லாரும் மெச்சுனாங்க. ஒரே ஒரு காய்ச்சல் வந்துச்சு. தாங்கிக்க உடம்புல ஒண்ணுமில்ல." குழாய்ப் பக்கம் பார்த்து, "அந்தச் சத்தத்தை என்னால கேக்க முடியலம்மா" என்றார்.

மறுநாளே இவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா எடையைப் பார்த்தார், மேல்கையைப் பிடித்துப் பார்த்தார், அவருக்குக் கோபமே வந்துவிட்டது. குண்டானவர்களுக்குச் சொல்கிற பத்தியத்தை நீங்கள் ஏன் பிடித்துக்கொண்டீர்கள் என்றார். ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையை வாங்கிச் செலவழிப்பதே சதைதான்; அதையும் கரைத்துவிட்டால் சர்க்கரை எங்கே போகும் என்று கேட்டார். முட்டை, மீன், பருப்பு, கொட்டை எல்லாம் தாராளமாகச் சாப்பிட வேண்டும். சோறு அளவாக, ஆனால் வேளை தவறாமல். சாப்பிட்டதும் நடக்க வேண்டும், கொஞ்சம் எடையும் தூக்க வேண்டும்.

"இனிமே உங்க எடை துளிகூட குறையக்கூடாது சார்."

வீட்டுக்கு வந்ததும் அவர் பேன்ட்டுகளை மடியில் போட்டுக்கொண்டு ஒன்றுவிடாமல் தையலைப் பிரித்தேன். நாளைக்கு எதைப் போட்டுக்கொண்டு போவது என்று கேட்டார். இதையேதான், பெல்ட்டைக் கட்டுங்கள், இடுப்பு வந்து நிறையட்டும் என்றேன். சாப்பிட உட்கார்ந்தவர் அவித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

"சாப்பிடவும் பயமா இருக்குடி, சாப்பிடாம இருக்கவும் பயமா இருக்கு."

ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தேன். மெல்ல மெல்லத் தேறினார். கடையில் துணிக் கட்டுகளை மாடிக்கு அவரே தூக்கினார். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை வாசலிலேயே நின்றது, உள்ளே வரவில்லை. மிஷினுக்கு உறை போட்டு மூடினேன். அப்படியும் வேளாவேளைக்கு என் கண் அவர் தட்டின் மேலேயே இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிஷின் மறுபடி ஓடியது. மாமியார் குழாயைத் திறக்க எழுந்திருப்பார் என்று பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. ஜன்னலோரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய் உள்ளறைக் கதவைத் தள்ளினேன்.

ஊசிக்கு அடியில் பேன்ட் இல்லை. மாமியார் வீட்டில் வழக்கமாகப் போடும், காலர் வைத்த பூப்போட்ட சட்டைகளில் ஒன்று.

"அம்மாதான் கொடுத்தாங்க. ரெண்டு பக்கமும் லூசா இருக்காம். இத்தனை நாளா கையாலயே பிடிச்சுத் தச்சுக்கிட்டாங்களாம். இப்ப ஊசி கோக்கக் கண்ணு தெரியலையாம்" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மிதித்த கால் நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்தார்.

சட்டையை வாங்கிப் புரட்டினேன். பக்கவாட்டில் கைத்தையல் ஒன்று, அதை ஒட்டி இன்னொன்று. திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். மாமியார் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். காலருக்குள் கழுத்து தனியாக நின்றது.