அன்றிரவு வீட்டில் படுத்தவர்கள்

2011இல் ஆஸ்திரேலியாவில், வெஸ்ட்மீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். வாடகை ஒப்பந்தம் என் பெயரில். மற்ற நால்வரும் விசா முடிவுக்குக் காத்திருந்தவர்கள். அவர்களில் மூத்தவர் என் அறையில் இருந்தார். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். தூக்கத்தில் கத்துவார், பகலில் பேச மாட்டார். அவர் மனம்விட்டுப் பேசிய ஒரே ஆள், எங்கள் பகுதிச் சுகாதார நிலையத்துக்கு வியாழக்கிழமைகளில் வந்த தமிழ் மனநல ஆலோசகர். போய் வந்த அன்று மட்டும் அண்ணை கொஞ்சம் உறங்குவார்.

அந்த ஆண்டு குடிசனக் கணக்கெடுப்பு வந்தது. ஆலோசகர் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, வீட்டில இருக்கிற எல்லாரையும் எழுதுங்கோ. தமிழ் கதைக்கிற ஆக்கள் எந்தப் பகுதியில கூட எண்டு பாத்துத்தான் என்னை எங்க விடுறதெண்டு முடிவெடுப்பினம். உந்தக் கணக்கு இமிகிரேஷனுக்குப் போகாது."

குசினியில் சமைக்கும்போது மற்றவர்களிடம் இதைச் சொன்னேன். எங்களில் இளையவன் சிரித்தான்.

"போகாதெண்டு ஆர் சொன்னது? கணக்கெடுக்கிறவையேதானே!"

அண்ணை சிரிக்கவில்லை. போர்க்காலத்தில் கொழும்பில் அவரும் அவருடைய தம்பியும் இருந்த அறையின் சொந்தக்காரர், சட்டப்படி இருவர் பெயரையும் பொலிசில் பதிந்திருக்கிறார். சில நாளில் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு அவன் வரவேயில்லை.

"எழுதிக் குடுத்தவரும் நல்ல மனுசன்தான்," என்றார் அண்ணை. "என்ர பேர் வேண்டாம்."

"அந்த அக்கா தொடர்ந்து இங்க வரவேணுமெல்லோ அண்ணை?"

"தெரியும்."

இளையவன்தான் வழி கண்டுபிடித்தான்.

"அண்டைக்கு இரவு இந்த வீட்டில ஆர் படுத்ததெண்டுதானே கேக்கிறாங்கள்? நாங்கள் படுக்காட்டி நீங்கள் பொய் எழுதத் தேவையில்லை. சாமிக்கும் பயப்பிட வேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். கணக்கெடுப்பு நாளன்று மாலை நால்வரும் போர்வைகளோடு ஒரு நண்பரின் வீட்டுக்குப் போனார்கள். அந்த நண்பர் தன் குடும்பத்தை மட்டுமே எழுதினார். நான் என்னை எழுதினேன், வீட்டில் பேசும் மொழி தமிழ் என்று. அந்த நால்வரும் ஆஸ்திரேலியாவில் எந்த வீட்டிலும் இல்லாமல் போனார்கள்.

அடுத்த ஆண்டு பகுதிவாரியாகக் கணக்கு வெளிவந்தது. எங்கள் பகுதியில் தமிழ் பேசுவோர் குறைவு, வேறொரு மாநகரசபைப் பகுதியில்தான் அதிகம் என்று சொல்லி, அக்காவின் வியாழக்கிழமையை அங்கே மாற்றினார்கள். எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் கறித்தூள் வறுக்கும் மணம் வரும். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

புதிய இடத்துக்கு ரயில் மாறிப் போகவேண்டும். வேலைக்கு லீவு போட்டு அண்ணையைக் கூட்டிப் போனேன். வழியில் சீருடைக்காரர் இருவர் பயணச்சீட்டுப் பார்க்க ஏறினார்கள். சீட்டுகள் என் சட்டைப்பையில் இருந்தன. அவற்றை எடுத்து நிமிர்வதற்குள் ரயில் நின்றது. அண்ணை இறங்கிவிட்டார். நானும் பின்னால் ஓடினேன்.

"அடுத்த ரயில்ல போவம் அண்ணை."

அவர் மேடைப் பெஞ்சில் உட்கார்ந்தபடி தலையாட்டினார். ரயில் வந்தது, போனது. அவர் எழும்பவில்லை.

அக்காவுக்கு அழைத்து, வர முடியவில்லை என்றேன்.

"ஆள் பக்கத்தில நிக்கிறாரோ? ஒருக்காக் குடுங்கோ."

அண்ணை போனைக் காதில் வைத்து நெடுநேரம் கேட்டார். அக்காவின் குரல் எனக்கும் மெல்லக் கேட்டது. பிறகு போனை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பும் ரயில் வரும் மேடைக்கு நடந்தார்.