முன்சக்கரத்தோடு மல்லுக்கட்டிய மாப்பிள்ளை

என் மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். யார் வந்து உட்கார்ந்தாலும் இரண்டு நிமிடத்தில் பார்வைக் கோளாறைச் சொல்லிவிடுவார். வாரத்தில் ஆறு நாள் தங்கமான மனுஷன். ஞாயிறு வந்தால் ஹெல்மெட்டும் கையுறையுமாக ரேஸ் டிராக்குக்குக் கிளம்பிவிடுவார். அங்கே அவருக்குப் பெயர் ‘அரைச் செகண்ட்’. எப்போது கேட்டாலும் அரைச் செகண்டில் கோட்டை விட்டதாகச் சொல்வார். உண்மையில் ஒன்பது செகண்ட்.

கார் சாதாரணக் குடும்பக் கார்தான். எடையைக் குறைக்கிறேன் என்று பின்சீட்டைக் கழற்றிக் கூடத்தில் போட்டுவிட்டார். விருந்தாளிகள் அதில்தான் உட்கார வேண்டும், பெல்ட்டு உட்பட. கார் வளைவில் திரும்பாமல் வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று முன்பக்கம், கார் சாயாமல் பிடிக்கும் ‘பார்’ என்கிற இரும்புத் தண்டை மாற்றித் தடிமனான ஒன்றைப் பூட்டினார். கூடவே பின்னால் ஓர் இறக்கை. இவர் போகிற வேகத்துக்கு அது காக்கை உட்காரத்தான் உதவும்.

போன மாதம் என் மகள் பொறுமை இழந்துவிட்டாள்.

“இந்த ஞாயித்துக்கிழமையும் கடைசியா வந்தீங்கன்னா, திங்கக்கிழமை சீட்டை மாட்டி வண்டியை வித்துடுவேன். என் ஃப்ரெண்டோட அண்ணன் கேட்டுட்டே இருக்காரு.”

அன்று சாயங்காலமே மாப்பிள்ளை என் பட்டறைக்கு வந்துவிட்டார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் முதல் தடவை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் நாற்பத்தொரு வருடமாக வீல் அலைன்மென்ட் பார்க்கிறேன். பட்டம் வாங்கியவர்கள் என் பக்கத்தில் கைகட்டி நின்றிருக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய்.

மறுநாள் டிராக்குக்கே போனேன். நாலு டயரின் ஓரத்திலும், தரையைத் தொடும் பகுதியிலிருந்து பக்கவாட்டு வரைக்கும், சாக்பீஸால் கோடு இழுத்தேன். மூன்று சுற்று ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். முன்டயர்களில் கோடு பக்கவாட்டு எழுத்து வரைக்கும் தேய்ந்து போயிருந்தது. பின்டயர்களில் தரையில் படும் இடம் தவிர, போட்டது போட்டபடி இருந்தது.

“பாத்தீங்களா மாப்பிள்ளை? பின்சக்கரம் ரெண்டும் வேலைக்கே வரல. டூர் வந்திருக்கு.”

“அப்ப முன்னாடி இன்னும் தடியான பாரா போட்டுடலாமா மாமா?”

“நல்லா இருக்கே! வண்டிய இழுக்கறதும் முன்சக்கரம், திரும்பறதும் அது, பிரேக்குல முக்காவாசி தாங்கறதும் அது. ஒத்த மருமக மாதிரி எல்லா வேலையும் அது தலையில. அதும் மேல ஒரு மூட்டையையும் ஏத்தச் சொல்றீங்க.”

முன்பக்கத் தடி பாரைக் கழற்றிப் பழையதையே மாட்டினேன். தடியானதைப் பின்பக்கம் போட்டேன்; பின்சக்கரமும் கொஞ்சம் வேலை பார்க்கட்டும். முன்சக்கரங்களின் தலையை உள்பக்கம் கொஞ்சம் சாய்த்தேன், வளைவில் முழு டயரும் தரையைப் பிடிக்கட்டும் என்று. பின்டயரில் காற்றைக் கூட்டினேன். இறக்கையில் கை வைத்தபோது மட்டும் மாப்பிள்ளை முகம் வாடிவிட்டது. விட்டுவிட்டேன். ஆம்பளைக்கும் ஓர் அலங்காரம் வேண்டாமா?

“இனிமேதான் முக்கியம். நேரா போறப்பவே பிரேக்க முடிச்சிடுங்க. திரும்பறப்ப ஆக்சிலேட்டர அதிகமா மிதிக்காதீங்க, மூக்கு வெளிய ஓடும். பயந்து பட்டுன்னு காலையும் எடுக்காதீங்க, வால் முன்னாடி வந்து வணக்கம் சொல்லும்.”

“தெரியும் மாமா, தெரியும்.”

ஞாயிற்றுக்கிழமை பதினான்கு கார்கள். ஆளுக்கு மூன்று சுற்று; அதில் சிறந்த நேரம்தான் கணக்கு. முதல் சுற்றில் மாப்பிள்ளை பழைய பழக்கத்தில் வளைவு நடுவே மிதித்தார். கார் புல்லுக்குப் போயிற்று. இரண்டாவது சுற்றில் பயந்து காலை எடுத்தார். கார் ஒரு முழு வட்டம் போட்டு, வந்த வழியையே பார்த்து நின்றது. என் மகள் வாங்குகிறவருக்கு போன் போட ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாவது சுற்றில் மாப்பிள்ளை மிதிக்கவும் பயந்தார், எடுக்கவும் பயந்தார். கால் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் சொன்னதும் அதைத்தான்! கார் கோடு போட்டதுபோல் திரும்பியது. புத்தி சொல்லி ஏறாதது பயத்தில் ஏறியது.

பதின்மூன்றாவது இடம். பதினான்காவது ஆளும் நல்ல காரில் ஓடித்தான் தோற்றார். நான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் கிளப்பில் மாப்பிள்ளை அரைமணி நேரம் பேசினார். பின்பக்கத்தை எப்படி வேலை வாங்குவது என்று மேஜையில் டம்ளர்களை நகர்த்தி நகர்த்தி விளக்கினார். எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்தாராம். ஸ்பேனர் பிடிக்க மட்டும் ‘ஒரு வயசான மெக்கானிக்’ உதவினாராம். அந்த மெக்கானிக் பக்கத்திலேயே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

மகளைப் பார்த்தேன். தோற்றவள் முகத்தில் ஏதோ நிம்மதி.

“என்னம்மா, வண்டி தப்பிச்சிடுச்சேன்னு வருத்தமே இல்லையா?”

“அட போங்கப்பா. போன் பண்றப்பத்தான் யோசிச்சேன். வண்டி போயிட்டா ஞாயித்துக்கிழமையெல்லாம் அவரு வீட்டுலதான இருப்பாரு? போன தடவ மழைக்கு ஒருநாள் வீட்டுல இருந்தாரு. சத்தம் கம்மி பண்றேன்னு மிக்ஸிய பிரிச்சுப் போட்டுட்டாருப்பா.”