லேட் ஆகுமாம்

என் அக்காவுக்கு ஊரில் "ஹலோ" என்று பெயர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்து "ஹலோ, எந்த நம்பர்" என்று கேட்டுக் கேட்டு, சோப்பு வாங்கப் போனாலும் வாயில் முதலில் அதுதான் வரும். "ஹலோக்கா வந்தாச்சு" என்பார் கடைக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் சிரித்துக்கொண்டே சோப்பை வாங்கி வருவாள்.

அந்தக் குளிர்காலத்தில் அக்காவுக்கு நாற்பத்தொரு வயது, எனக்கு முப்பத்தாறு. ஒருத்திக்குக் கல்யாணம் அமையவில்லை, இன்னொருத்திக்கு அமைந்தது நிலைக்கவில்லை. எவள் எது என்று நான் சொல்லப் போவதில்லை. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறையில் குடியிருந்தோம். எனக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க இருமுகிறவர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருவதால் வாய் கொஞ்சம் நீளம். அக்கா அப்படியில்லை. யார் மனசும் நோகக் கூடாது அவளுக்கு. லைன் கிடைக்கவில்லை என்றால்கூட "கிடைக்கல" என்று சொல்ல வராது. "இன்னும் கொஞ்ச நேரத்துல கிடைச்சிடுமாம்" என்பாள். யார் சொன்னார்கள் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். அந்த 'ஆம்' அவளுடைய சொந்தச் சரக்கு. வேறு யாரோ சொன்னதாகக் கேட்டால் ஜனங்களுக்கு ஒரு தெம்பு வரும் என்று எங்கேயோ கற்றுவைத்திருந்தாள்.

எக்ஸ்சேஞ்ச் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தபாலாபீசுக்குப் பின்னால் ஒரே அறை. ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு, அதில் வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொரு ஓட்டைக்கு மேலும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளை மூடி. யாராவது கூப்பிட்டால் அவர்களுடைய மூடி டக்கென்று விழும். அக்கா ஒயரைச் செருகிப் பேசுவாள். கடைசி வரிசையில் இடது ஓரத்து மூடி மலையடிவார ஊருடையது. அந்த ஊருக்கு இருந்ததே அந்த ஒரு லைன்தான்.

குளிர்கால லீவில் காலேஜ் மாணவர்கள் ஆறு பேர் மலையேறப் போனார்கள். நான்கு பையன்கள், இரண்டு பெண்கள். கூட்டிக்கொண்டு போனவன் எங்கள் தெரு லாண்டரிக்காரம்மாவின் ஒரே மகன். அவனைக் கேப்டன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை இறங்கிவிடுவோம், இறங்கியதும் அடிவாரத்திலிருந்து போன் பண்ணுவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

சனிக்கிழமை போன் வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் அக்கா தானாகவே அடிவாரத்து ஆபரேட்டரைக் கூப்பிட்டு விசாரித்தாள். அவர் ஒரு வாயாடி. "மேல பனி கொட்டுது. எவனா இருந்தாலும் மூணு நாலு நாள் லேட்டாத்தான் இறங்குவான்" என்றார். மலையைப் பார்த்துவிட்டு அவராகப் போட்ட கணக்கு, அவ்வளவுதான்.

மத்தியானம் லாண்டரிக்காரம்மா எக்ஸ்சேஞ்ச் ஜன்னலில் வந்து நின்றார். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கையோடு ஓடி வந்திருக்கிறார், முன்கையில் நீராவி ஈரம்கூடக் காயவில்லை. "ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" என்றார்.

"மூணு நாலு நாள் லேட் ஆகுமாம். பயப்படாதீங்க" என்றாள் என் அக்கா.

அந்தம்மா முகம் தெளிந்துவிட்டது. நேரே காலேஜுக்கு ஓடியிருக்கிறார். அங்கே விளையாட்டு மாஸ்டர் ஆட்களையும் லாரியையும் ஏற்பாடு செய்து, செவ்வாய்க்கிழமை காலையில் தேடிக் கிளம்பத் தயாராக இருந்தார். "தகவல் வந்துடுச்சு சார், லேட் ஆகுமாம்" என்று இந்தம்மா சொன்னதும் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்ற ஐந்து வீடுகளுக்கும் அந்தம்மாவே போய்ச் சொல்லி எல்லோர் வயிற்றிலும் பால் வார்த்தார்.

வெள்ளிக்கிழமை வரை ஒன்றும் வரவில்லை. விளையாட்டு மாஸ்டர் அடிவாரத்துக்குப் போன் போட்டார். இணைத்துக் கொடுத்துவிட்டுக் காதிலிருந்து ஹெட்போனை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. அக்கா எடுக்கவில்லை.

"திங்கட்கிழமை பசங்க உங்க ஊருக்கு வந்துதானே தகவல் சொன்னாங்க? இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டார் மாஸ்டர்.

"பசங்களா? என் கண்ணுல படலையே சார். மாத்து ஆள் இருக்கிறப்ப வந்திருப்பாங்க. கேட்டுச் சொல்றேன்" என்றார் அந்த வாயாடி.

அந்த இடத்தில் அக்கா குறுக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டாளாம். அன்று வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். "நான் சொன்னதைப் பசங்களே சொன்னதா எடுத்துக்கிட்டாங்கடி."

"நீ யார் சொன்னதா சொன்னே?"

"யார்னும் சொல்லல. ஆகுமாம்னேன்."

விஷயம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா. "மூச்சு விடாதே" என்றேன். "நாளைக்கே ஆறு பேரும் இறங்கி வந்து நிப்பாங்க. நீ சொன்னது யாருக்கு ஞாபகம் இருக்கப் போகுது." இதைச் சொன்னவள் நான்தான். இன்று வரை அதை மாற்றிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

சனிக்கிழமை தேடிப் போனார்கள். திங்கட்கிழமை கண்டுபிடித்தார்கள்.

கூடாரம் நின்றபடியே இருந்ததாம். பக்கவாட்டுத் துணி உள்ளேயிருந்து கத்தியால் கிழிக்கப்பட்டிருந்தது. வாசலை அவிழ்த்து வெளியே வரக்கூட அவகாசமில்லாமல் எதற்கோ பயந்து கிழித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். உள்ளே ஆறு ஜோடி பூட்ஸும் வரிசையாக இருந்தன, கோட்டுகள் இருந்தன, பாதி நறுக்கிய ரொட்டி இருந்தது. சரிவில் வெறுங்கால் தடங்கள். ஒரு மரத்தடியில் நான்கு பேர். அதற்கும் கீழே பனியில் கையாலேயே தோண்டிய குழியில் இரண்டு பேர், பக்கத்தில் சுள்ளி எரித்த கரி. அதில் ஒருவன் கேப்டன். குழியில் இருந்த இரண்டு பேரும் மற்றவர்களைவிட அதிக நேரம் உயிரோடு இருந்திருக்கிறார்கள் என்றார் டாக்டர். எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம், சில நாளாகவும் இருக்கலாம், உறைந்த உடம்பில் கணக்குச் சொல்ல முடியாது என்றார். அவர்களுடைய டைரியில் கடைசியாக எழுதியிருந்தது முந்தின வாரத்துக்கும் முந்தின வாரத்து வியாழக்கிழமை. அதாவது இறங்கவேண்டிய சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு.

விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வந்த அன்றே அவருக்கு ஜலதோஷம். எக்ஸ்சேஞ்சில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "திங்கட்கிழமை அடிவாரத்து லைன்ல தகவல் வந்துச்சா?" என்று கேட்டார்.

"லைன்ல பேச்சு வந்துச்சு சார். லேட் ஆகுமாம்னு" என்றாள் அக்கா.

'மாணவர்களிடமிருந்து தகவல் பெறப்பட்டது' என்று அவர் எழுதுவதை அக்கா தலைகீழாகவே படித்தாள். ஆனால் வாய் திறக்கவில்லை. நான் மூச்சு விடாதே என்று சொல்லிவைத்திருந்தேன் அல்லவா, விடவில்லை.

அதே அதிகாரி மறுநாள் இருமல் மருந்துக்கு என் கடைக்கு வந்தார். பாவம், தூங்கியே நாளாகியிருக்கும் போல. "வியாழக்கிழமைக்கு மேல அந்தப் பசங்க ஒரு ரொட்டித் துண்டுகூடத் தின்னல. ஆனா திங்கட்கிழமை போன் பண்ணியிருக்காங்க. அடிவாரத்துல கேட்டா ஆபரேட்டர் மாத்து ஆளைக் காட்டுறார், மாத்து ஆள் அவரைக் காட்டுறார். பூட்ஸ் இல்லாம யாரு இறங்கி வந்து போன் பண்ணினது? எப்படிம்மா?" என்று என்னைக் கேட்டார். மருந்தை எடுத்து மேஜையில் வைத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஸ்பூன் என்று மட்டும் சொன்னேன்.

அவர் கேட்ட கேள்வி இரண்டே நாளில் தெருவுக்கு வந்துவிட்டது. எங்கள் ஊரில் எந்தப் பேச்சுக்கும் கண்ணும் காதும் வைத்துவிடுவார்கள். வியாழக்கிழமை செத்தவர்கள் திங்கட்கிழமை பேசினார்களாம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்ததாம். பின்னால் அழுகைச் சத்தம் கேட்டதாம். போன் மணி அடித்தால் எடுக்கப் பயந்தார்கள். வங்கி மேனேஜர் மாதிரி படித்த மனுஷரே "அடிவாரத்து லைன்னா என் வீட்டுக்குக் கொடுக்காதீங்கம்மா" என்று அக்காவிடம் சொன்னார்.

யாரும் பேசவில்லை என்பது உலகத்தில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அப்படியும் எங்களையும் அந்தப் பயம் பிடித்துக்கொண்டது, அதுதான் வேடிக்கை. காற்று பலமாக அடித்தால் அந்த இடது ஓரத்து மூடி தானாக விழும். எத்தனையோ குளிர்காலம் விழுந்திருக்கிறது. இப்போது விழுந்தால் அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிடுவாள். ஒயரைச் செருகி "ஹலோ" என்பாள். கம்பியில் காற்று இரைவதுதான் கேட்கும். யாராவது "நாங்க குழியில இருக்கோம்" என்று சொல்லிவிடுவார்களோ என்று காத்திருப்பாளாம், பிறகு ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொள்வாளாம். வீட்டில் பூட்ஸ் போட்டுக்கொண்டே படுத்தாள். "என்னடி கூத்து இது" என்று சிரித்தேன். நான்கு நாளில் நானும் போட்டுக்கொண்டு படுத்தேன்.

அதிகாரி ஒன்றரை மாதம் முட்டி மோதிவிட்டு, 'மரணத்துக்கான காரணம் தெரியவில்லை, தேதியும் நிச்சயிக்க முடியவில்லை' என்று எழுதிவிட்டுப் போனார். எதைக் கண்டு ஓடினார்கள் என்பது அந்த மலைக்குத்தான் தெரியும். என்றைக்கு என்பதை ஒருவேளை அவர் சொல்லியிருப்பார், குறுக்கே அந்தத் திங்கட்கிழமை நிற்காமல் இருந்திருந்தால்.

அக்காவின் கோட்டு அப்போது லாண்டரியில் கிடந்தது. குளிர் தொடங்குமுன் வெளுக்கப் போட்டது. வாங்கி வரப் பயம். அந்தக் கடை இருக்கிற பக்கமே போக மாட்டாள், சந்துக்குள் புகுந்து அரை மைல் சுற்றி, ஒரு சால்வையோடு பல் கிடுகிடுக்க எக்ஸ்சேஞ்சுக்குப் போவாள். "நிமோனியா வந்து சாகப்போறே" என்று திட்டினேன். "நான் வேணா போய் வாங்கிட்டு வரட்டுமா" என்று மட்டும் நான் கேட்கவில்லை. எனக்கும் பயம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு லாண்டரிக்காரம்மாவே படியேறி வந்தார். கோட்டை மடித்துக் காகிதத்தில் சுற்றியிருந்தார். உட்காரச் சொன்னோம். கோட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா" என்றார் அக்காவிடம். "அன்னிக்குப் பேசினது யாரு? என் புள்ளயா?"

அக்கா கோட்டை வாங்கக் கையை நீட்டினாள், அவர் தரவில்லை.

"அவன் பேசியிருந்தா திங்கட்கிழமை அவன் உசுரோட இருந்திருக்கான். செவ்வாக்கிழமை லாரி கிளம்பியிருந்தா ரெண்டு நாள்ல போய்ச் சேர்ந்திருக்கும். வேண்டாம்னு நிறுத்தினது நான். எல்லா வீட்டுக்கும் போய் பொறுங்க பொறுங்கன்னு சொன்னதும் நான். அந்தக் குழியில எத்தனை நாள் கிடந்தான்னு கேட்டா டாக்டர் தலையைக் குனிஞ்சுக்கிறார். கண்ணை மூடினா போதும், நான் வருவேன்னு மேலயே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கான்."

அந்தம்மா ராத்திரியெல்லாம் எதைக் கண்டு பயந்துகொண்டிருந்தார் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் எங்கள் பயத்தையே கட்டிக்கொண்டு அழுதிருக்கிறோம். அப்படியும் பாருங்கள், நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். ஞாபகமில்லை என்று சொல்லிவிடு என்று.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. தரையில் உட்கார்ந்தாள்.

"யாரும் பேசலம்மா" என்றாள். "அடிவாரத்துக்காரர் பனியைப் பார்த்துட்டு லேட்டாத்தான் ஆகும்னார். அதை நான் உங்ககிட்ட ஆகுமாம்னுட்டேன். நீங்க பயந்துபோய் நின்னீங்க, மனசு கேக்கல. அப்புறம் மாத்திச் சொல்ல பயம். அதிகாரிகிட்டயும் பயந்துக்கிட்டே இருந்துட்டேன். லாரியை நிறுத்தினது நீங்க இல்ல. நான்தான்."

கீழே சைக்கிள் கடையில் ரிம்மைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா அக்காவை அறையப் போகிறார் என்று நினைத்து நான் ஒரு எட்டு முன்னால் வந்தேன்.

"அப்போ அவன் ஒண்ணுமே சொல்லல" என்றார் அந்தம்மா.

"இல்லம்மா. நாளைக்கே அந்த அதிகாரிக்கு எல்லாத்தையும் எழுதி அனுப்பிடறேன். வேலை போனாலும் போகட்டும்."

அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கோட்டுப் பொட்டலத்தின் காகிதத்தை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு மிக மெதுவாகக் கேட்டார்.

"திங்கட்கிழமை அவன் பேசலன்னா, வியாழக்கிழமையே போயிட்டான்னு வெச்சுக்கலாமா?"

பெற்ற தாய், தன் பிள்ளை முன்கூட்டியே செத்துவிட்டான் என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சுகிறாள். டாக்டருக்கே தெரியாததை எங்களிடம் கேட்கிறாள்.

அக்கா அந்தம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "வியாழக்கிழமையேதாம்மா" என்றாள். "அன்னிக்கே எல்லாம் முடிஞ்சுபோச்சு. ரொம்ப நேரம் கஷ்டப்படல."

அந்தம்மா தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே அழுதார். வாய்விட்டு, சத்தம் போட்டு அழுதார். அழுது முடித்துக் கோட்டை அக்கா கையில் கொடுத்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போனார்.

நான் கதவைச் சாத்தினேன். திரும்பினால் அக்கா எனக்கு நேர் பின்னால் நிற்கிறாள். என் முழங்கையை இறுகப் பிடித்தாள், விரல்கள் சில்லென்றிருந்தன.

"வியாழக்கிழமையாத்தானேடி இருக்கும்?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஊருக்கெல்லாம் பதில் வைத்திருக்கிற வாய் இது, அன்றைக்கு அதில் சத்தம் வரவில்லை. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.