ரப்பர் கொட்டை ஓட்டு

படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் எழுபதுகளின் கடைசியில் மலேசியாவில், ஈப்போ டவுனில் எனக்குச் சொந்தமாக மூன்று லாரிகள் ஓடின. யாரும் தூக்கிவிடவில்லை, நானே ஏறினேன். செமோர் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தகரக் கூரை போட்டது நான். திருவிழாவில் அம்மனை வைத்து ஊர்வலம் போக லாரி கொடுப்பதும் நான். கோயில் தலைவராகித் தலையில் பரிவட்டம் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அதில் என்ன தப்பு?

தலைவரைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தோட்டத்தில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் பழைய சேலையை மறைப்பாகக் கட்டி, உள்ளே ஒருவருக்கு மைலோ டின், மற்றவருக்குப் பால்மாவு டின் என்று வைப்போம். வருசா வருசம் வீட்டுக்கு ஒரு ரப்பர் கொட்டை போட வேண்டும். யாருக்கு யார் போட்டார் என்று கங்காணிக்கும் தெரியாது.

அந்த வருசம் என்னை எதிர்த்து நின்றவன் தோட்டத்து லயத்து வீட்டில் குடியிருந்த, பால்மரம் சீவும் தொழிலாளி. அவனிடம் இருந்தது ஒரு சைக்கிளும் வாயும்தான். சாப்பாட்டுக் கடைக்குள் நான் போனால் எழுந்து நிற்பார்கள். அவன் போனால் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்று எல்லாரும் பயந்திருந்த நேரம். கூட்டத்தில் அவன் மைக்கைப் பிடித்தான்.

"சேலைக்குப் பின்னால ஒளிஞ்சு போட நாம என்ன கோழித் திருடனுங்களா? நம்ம ஆளுன்னா கையத் தூக்குங்கலா! தோட்டத்த வித்தாலும் வீட்டுக்கு ஒரு துண்டு நெலம் நான் வாங்கித் தாரேன். டவுன்ல தூங்குற மொதலாளிக்கு நம்ம வலி தெரியுமா?"

ஒரே கைதட்டல். எனக்கு அப்படி ஒரு நாளும் யாரும் தட்டியதில்லை. என் லாரியை ஓட்டும் என் மச்சினனே, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினான்.

சைக்கிள்காரன் தலைவரானான். அடுத்த வருசம் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டமே இல்லை. போய்க் கேட்டேன்.

"போன வருசம் தூக்குன கை இன்னும் எறங்கலண்ணே. அப்பறம் எதுக்குக் கூட்டம்?" என்றான் அவன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நீயே இருந்துக்க. ஆனா வருசா வருசம் சனங்களக் கேக்கணும்லா."

"அண்ணே, ஒங்களுக்குப் பொறாமை."

பொறாமைதான். அதற்காக நான் சொன்னது பொய்யாகிவிடுமா?

பிறகு தோட்டம் கைமாறியது. ரப்பரை வெட்டி எண்ணெய்ப் பனை நட்டார்கள். ஒருவருக்கும் நிலம் கிடைக்கவில்லை. இனி என் பக்கம் வருவார்கள் என்று காத்திருந்தேன். என் மச்சினன் சொன்னான்: "அவரு வாங்கித்தான் தந்திருப்பாரு மச்சான். பழைய கோயில் கமிட்டிக்காரங்கதான் கெடுத்துட்டாங்க."

அந்த வருசத் திருவிழாவில் பொறுக்க முடியாமல் கத்தினேன்: "டின்ன எடுத்து வைங்கலா! கொட்டையப் போட்டுப் பாப்போம்!"

என் லாரி மேல், அம்மனுக்குப் பக்கத்தில், பரிவட்டத்தோடு நின்றவன் மைக்கில் சொன்னான்: "வைக்கலாம்ணே. மரத்தத்தான் வெட்டிட்டானுங்களே, கொட்டைக்கு எங்க போறது?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என் மனைவியும் சிரித்தாள். மச்சினன் வண்டியைக் கிளப்பினான். டீசல் புகைக்குப் பின்னால் நானும் நடந்தேன்.

அடுத்த வருசமும் லாரி அனுப்பினேன். அனுப்பாவிட்டால் பொறாமை என்பார்களே.