சுகமா இருக்கும்

குற்றாலத்து அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவர் சாரல் காலத்தில் என் டீக்கடைக்கு வருவார். குட்டையான ஆள். எண்ணெய்க் கையிலிருந்து கிளாஸ் வழுக்கும். முட்டு வலி என்று யார் வந்தாலும், "தேய்ச்சா சுகமாயிரும் அண்ணாச்சி" என்பார்.

ஒரு வருஷம் பாறையில் விழுந்து அவர் முட்டே போயிற்று. ஜவ்வு கிழிந்துவிட்டது, பாளையங்கோட்டைக்குப் போய் ஆபரேஷன் செய்யணும் என்றார் தென்காசி டாக்டர். கட்டுப் போட்டு எண்ணெய் விட்டால் போதும் என்றார் உள்ளூர் நாட்டு வைத்தியர். குத்தவைத்து உட்கார முடியாவிட்டால் அவருக்குத் தொழில் இல்லை.

"எண்ணெய்தான் ஒம்மகிட்டயே இருக்கே வே" என்றேன்.

"எண்ணெயில கிழிஞ்சது ஒட்டும்னா, நாந்தாம்லா பெரிய டாக்டர்?" என்றார். ஆபரேஷனுக்குப் போனார்.

அடுத்த சாரலில் திரும்பி வந்தார். சிரமப்பட்டுக் குத்தவைத்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருவர், "தேய்ச்சா சுகமாயிருமா?" என்று கேட்டார்.

"சுகமா இருக்கும். படுங்க அண்ணாச்சி."

சுகமாயிரும் என்று அவர் சொல்லி அப்புறம் நான் கேட்கவில்லை.