களையை விதைத்த பெண்

"களையப் புடுங்குனது ஒரு குத்தமா மச்சான்?"

போன மாதம் சிதம்பரத்தில், ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் வலைக்குடிலுக்குள் நின்றுகொண்டு என்னிடம் இப்படிக் கேட்டவர் ராஜவேலு. என் தங்கையின் கணவர். புவனகிரிப் பக்கம் விவசாயம். கையில் ஒரு பிடி புல். வேரில் மண்ணை உதறி, அழகாகச் சேர்த்துப் பிடித்திருந்தார்.

குற்றம்தான் மச்சான். அன்றைக்கு, அந்த இடத்தில், அது பெரிய குற்றம்!

முதலிலிருந்து சொல்கிறேன்.

அவர் மகள் சுபா அங்கேதான் ஆராய்ச்சி செய்கிறாள். "மாமா, செவ்வாக்கெழம மருந்து அடிக்கிறேன். அப்பாவும் வராரு. நீங்களும் வாங்க" என்று போன் செய்தாள். என்ன மருந்து? களைக்கொல்லி. எதன் மேல்? அவளே மரபணு திருத்திய நெல் மேல். நெல் பிழைத்தால் அவள் உழைப்பு பிழைத்தது. கருகினால்... மறுபடி முதலிலிருந்து.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். படிப்புக்குப் பதிலாகக் கவலையை வளர்த்துக்கொண்டவன். கடலூரில் பஸ் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டது. மரபணு என்கிறாளே, காற்றில் பரவுமா? சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருமா? புதுச்சத்திரம் தாண்டுவதற்குள், வீட்டில் இருக்கும் ரோஜாத் தொட்டிவரை யோசித்துவிட்டேன்.

வலைக்குடில் என்றால் பெரிய கொசுவலைக்குள் ஒரு வயல், அவ்வளவுதான். வரிசையாகத் தட்டுகள். தட்டில் மண். மண்ணில் நெல் நாற்று.

"இன்னா பண்ணியிருக்கன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா" என்றேன்.

"மாமா, பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிப்பீங்கல்ல?"

"புடிப்பேன்."

"களைக்கொல்லி அந்தத் துண்டு மாதிரி. செடிக்குள்ள சத்து தயாராகற எடம் ஒண்ணு இருக்கு. அங்க போயி சீட்ட புடிச்சிக்கும். அங்க உக்காந்து வேல பாக்க வேண்டியதுக்கு எடம் கெடைக்காது. செடி பட்டினியில செத்துடும். நான் எங்க நெல்லுல அந்த சீட்டோட வளைவ லேசா திருத்தியிருக்கேன். துண்டு போட்டா வழுக்கி வுழுந்துடும். செடி பாட்டுக்கு அது வேலையப் பாக்கும்."

"வேற எதோட ஜீனையாவது உள்ள வெச்சிருக்கியா?"

"இல்ல மாமா. எல்லாம் நெல்லோடதுதான். மரபணு ஒரு புத்தகம்னா, அதுல ஒரே ஒரு எழுத்துத் திருத்தம்."

கோடிக்கணக்கான எழுத்தில் ஒரே ஒரு எழுத்து! நான் இந்தப் பத்தியில் ஒரு வார்த்தையைத் திருத்தினால் பக்கத்தில் இரண்டு வார்த்தை கெட்டுப்போகிறது. இவள் கண்ணுக்கே தெரியாத இடத்தில் போய்த் திருத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள்.

ஏன் இதைத் தேர்ந்தெடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அவர்கள் ஊரில் ஆற்றுத் தண்ணீரை நம்பி நாற்றங்கால் விட முடியாது. புழுதியில் நேராக விதைத்துவிடுவார்கள். நெல்லும் களையும் ஒன்றாக முளைக்கும். களையெடுக்க இப்போது ஆள் கிடைப்பதில்லை. வருஷம் முழுக்கக் குனிந்து குனிந்து, என் தங்கை நிமிர்ந்தாலும் பாதி வளைவு மிச்சமிருக்கிறது.

சுபா மருந்து கலக்கப் போனாள். நான் ஒதுங்கி நின்று மூச்சை அளந்து விட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால்... மச்சான் ஒரு தட்டின் முன் குனிந்திருக்கிறார். கை தானாக ஓடுகிறது. நெல்லுக்கு நடுவே நெல் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு நிற்குமே குதிரைவாலிப் புல், அதை ஒன்று விடாமல் பிடுங்கியாகிவிட்டது.

"இம்மாம் படிச்ச புள்ள, தட்டுல புல்ல மண்ட வுட்டு வெச்சிருக்கு மச்சான். பெரிய சாருங்க வந்து பாத்தா இன்னா நெனப்பாங்க? வெவசாயி வூட்டுப் பொண்ணுன்னு சொல்லிக்க முடியுமா?"

அப்போது சுபா உள்ளே வந்தாள். தட்டைப் பார்த்தாள். அப்பா கையைப் பார்த்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பா... அது நான் விதைச்சது."

"இன்னாது? களைய விதைச்சியா?"

"மருந்து அடிச்சா ஒரே தட்டுல புல்லு சாவணும், நெல்லு நிக்கணும். அதப் பாக்கத்தான் விதைச்சேன். நம்ம வயல்லேர்ந்து எடுத்தாந்த விதைதான்."

"நம்ம வயல் புல்லா? அதான் பாத்த மொகமா இருந்துச்சி!"

சொல்லிவிட்டாரே தவிர, மனிதர் வெளிறிப்போய்விட்டார். அப்போதுதான் குற்றமா என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் தட்டில் விரலால் குழி பறிக்க ஆரம்பித்தார்.

"இரு பாப்பா. திரும்ப நட்டுடறேன். வேர் அறல. புடிச்சிக்கும்."

வாழ்நாள் முழுக்கக் களை பிடுங்கிய மனிதர், மகளுக்காகக் களை நடுகிறார்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் மனசுக்குள் அதற்குள் சுபாவின் ஆராய்ச்சி முடிந்து, வேலை போய், கல்யாணம் தள்ளிப்போய்விட்டிருந்தது.

சுபா அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். மூலையில் வலை மூடியிருந்த பலகையைக் காட்டினாள். அங்கே இதே மாதிரி இன்னும் இரண்டு தட்டு. அதே நெல். அதே புல்.

"எலி வந்தா இன்னா பண்றதுன்னு மூணு தட்டா போட்டு வெச்சேன்" என்றாள். "அப்பா வருவாருன்னு யோசிக்கல."

பிடுங்கிய தட்டையும் எறியவில்லை. 'கையால் களை எடுத்தது' என்று எழுதி ஒட்டினாள். ஒப்பிட்டுப் பார்க்க அதுவும் வேண்டுமாம்.

எனக்கு உறைத்தது அங்கேதான். இவளும் கவலைப்படுகிறவள்தான்! ஆனால், நான் கவலைப்பட்டால் தூக்கம் போகிறது. இவள் கவலைப்பட்டால் ஒரு தட்டு கூடுகிறது.

தைரியம் வந்து என் பெரிய பயத்தைக் கேட்டேன். "ஏம்மா, இந்தத் தெம்பு, வயல்ல களையா மொளைக்குதே காட்டு நெல்லு, அதுக்குப் போயிட்டா? அதுவும் மருந்துக்கு அடங்காம நின்னுச்சின்னா?"

மழுப்புவாள் என்று நினைத்தேன். மழுப்பவில்லை.

"போவலாம் மாமா. அதுக்குத்தான் காட்டு நெல்ல பக்கத்துலயே வெச்சு, மகரந்தம் போவுதான்னு பாக்கறோம். ஒரே மருந்த வருஷா வருஷம் அடிச்சா புல்லும் பழகிக்கும். மாத்தி மாத்தித்தான் அடிக்கணும். நீங்க பயப்படறது சரிதான். அந்தப் பயத்த வுட்டுடாதீங்க."

என் கவலைக்கு முதல் முறையாக ஒருவர் மார்க் போட்டிருக்கிறார்!

முகமூடி, கையுறை மாட்டிக்கொண்டு மருந்தை அடித்தாள். எங்களை வெளியே நிற்கவைத்துவிட்டாள்.

போன வாரம் மறுபடி கூப்பிட்டாள். போனோம். தங்கையும் வந்திருந்தாள். அவள் திருத்தியிருந்த நெல் வரிசைகளில் சில, திருத்தம் சரியாகப் படியாமல், மஞ்சளாகி நின்றன. ஒப்பிடுவதற்காக வைத்திருந்த, திருத்தாத சாதாரண நெல் கருகிக் கிடந்தது. புல்லோ, ஓரம் சுருண்டு, சிவந்து, உயிர் போய்க்கொண்டிருந்தது. நடுவே ஒரே ஒரு வரிசை... பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. எதுவும் நடக்காதது மாதிரி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"இந்த வரிச போதும்ப்பா" என்றாள் சுபா. "வயலுக்கு வர இன்னும் எத்தனையோ சோதனை இருக்கு. ஆனா இது போதும்."

தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, குனியாமல், நின்றபடியே அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் விரல்கள் மட்டும் துடித்தன. சுபா பார்த்துவிட்டாள்.

"சரி, புடுங்குங்கப்பா. படமெல்லாம் எடுத்தாச்சி."

மச்சான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வாணாம் பாப்பா. அதுவா சாவட்டும். ஒரு தடவையாவது நான் உக்காந்து பாக்கறேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் ஒன்றைப் போட்டுக்கொண்டேன் — அந்தப் புல் திரும்ப எழுந்துவிடக் கூடாதே என்று எனக்கு மட்டும் ஒரு கவலை!