மண்ணெண்ணெய் மணத்த கொடி

அரசு விருந்தினர் மாளிகையின் தையல்காரருக்கு வெகுநாளாக ஒரே ஏக்கம்: தன் தற்காலிக வேலை நிரந்தரமாக வேண்டும். வருகிற நாட்டாருக்கெல்லாம் கொடி தைப்பவர் அவர்.

அரசாங்கத்துக்குத் திடீரென்று ரோஷம் வந்தது. அண்டை நாட்டுச் சரக்கு இனி வேண்டாம், எல்லாம் நாமே செய்துகொள்வோம் என்று தடை போட்டது. அண்டை நாடு மறுபேச்சில்லாமல் எண்ணெய்க் குழாயை மூடியது. ஊரே பெட்ரோல் பங்க் வாசலில் குடியேறியது. கோபத்தை எங்காவது காட்ட வேண்டுமே. தெருத்தெருவாக அந்த நாட்டுக் கொடியைக் கொளுத்தினார்கள். தையல்காரருக்கு வீட்டுத் தையலில் அமோக வரும்படி. கட்சியிலிருந்த மைத்துனன்தான் பெரிய வாடிக்கை. கொளுத்துகிற கொடியில் மட்டும் ஒரு நட்சத்திரத்தைத் தைக்காமல் விட்டுவிடுவார். அப்போது அது கொடியில்லை, வெறும் துணி, தொழிலுக்குத் துரோகமில்லை.

கஜானா காலியானதும் ரோஷம் வடிந்தது. அந்த நாட்டுத் தூதுவரையே விருந்துக்கு அழைத்தார்கள்.

“நாளைக்குக் கொடி பறக்கணும். இல்லேன்னா வேற வேலை பாத்துக்குங்க,” என்றார் அதிகாரி.

“அந்தக் கொடிக்கு வேண்டிய நீலத் துணி அவங்க நாட்டுச் சரக்குங்கய்யா, இருந்ததெல்லாம் தீந்துபோச்சு. நீங்கதானே தடை பண்ணீங்க. பழைய கொடியையும் தூக்கிப் போடச் சொன்னீங்க.”

“நானா சொன்னேன்? அரசாங்கம் சொல்லுச்சு.”

மனைவிதான் வழி சொன்னாள். “தம்பிகிட்ட ஒண்ணு மிச்சம் இருக்குங்க.”

மைத்துனன் தாராளமாகக் கொடுத்தான். “இன்னைக்குக் காலையிலேருந்து அவங்க நட்பு நாடாம் மாமா. ஆனா நேத்தே மண்ணெண்ணெயில நனைச்சு வச்சுட்டேன்.”

“ஊருக்கே இல்லாத எண்ணெய் உனக்கு ஏதுடா?”

“கட்சி ஒதுக்கீடு.”

துவைத்தார், வெயிலில் போட்டார், தலையணை உறையை வெட்டி, விட்டுப்போன நட்சத்திரத்தைத் தைத்தார். வாடை மட்டும் போகவில்லை.

மறுநாள் கொடி ஏறியதும் காற்று தூதுவர் பக்கம் அடித்தது. அவர் மூக்கை உறிஞ்சினார். “சொட்டு எண்ணெய் இல்லேன்னு எழுதியிருந்தீங்க. கொடி துவைக்கிற அளவுக்கு இருக்கே.”

அதிகாரி தையல்காரரைப் பார்த்த பார்வையில் வேலை அங்கேயே போய்விட்டது.

எண்ணெய் வந்தது, இரட்டை விலைக்கு. துறைமுகம் அவர்கள் கைக்குப் போனது. ஒப்பந்தத்தின் கடைசி வரி: அவர்கள் கொடி மாளிகையில் எந்நாளும் பறக்க வேண்டும், வாடையில்லாமல், அதைப் பராமரிக்க நிரந்தரமாக ஓர் ஆள். அந்தக் கொடி தைக்கத் தெரிந்த ஒரே ஆள் தையல்காரர்தான்; உத்தரவை அதிகாரியே அவரிடம் கொண்டுவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார். நாட்டில் நிரந்தரமானது அந்த வேலை ஒன்றுதான்.

சாயங்காலமே மைத்துனன் வந்தான். “துறைமுகத்த வித்துட்டாங்க மாமா. ஆர்ப்பாட்டம். கொடி வேணும்.”

தையல்காரர் கத்தரியை எடுத்தார். “தைக்கிறேன். முன்கூட்டி மட்டும் நனைச்சு வைக்காதே. மறுபடி எப்ப நட்பு நாடாவாங்கன்னு யாரு கண்டா.”